புரியாத பாட்டுக்கு ஏன் தலையாட்டுகிறோம்?

பாரதியாருக்குத் தெலுங்கு 'சுந்தரத் தெலுங்கு'. தேசத்தின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரு நலனை எடுத்து அடுக்கிக்கொண்டு போகும் பாட்டில், சிந்து நதியில் தோணி விடும்போது பாடுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த மொழி அது. தமிழைக்கூட அந்த இடத்தில் சொல்லவில்லை. அதே பாரதியார் 'சங்கீத விஷயம்' என்ற கட்டுரையில் கச்சேரி வித்வான்களைப் பிடித்துக் காய்ச்சுகிறார். எந்த ஊருக்குப் போனாலும் 'வாதாபி கணபதிம்' தொடங்கி அதே நாலைந்து கீர்த்தனைகள். முக்கால்வாசிப் பேருக்குத் தாங்கள் பாடுவதன் பொருள் தெரியாது. சொற்களைக் கொலை செய்கிறார்கள், விழுங்குகிறார்கள். பொருள் தெரியாதவனுக்கு ரசம் எப்படித் தெரியும் என்பது அவருடைய கேள்வி.

இரண்டையும் ஒரே ஆள் சொல்லியிருப்பது எனக்கு முரணாகப் படவில்லை. தெலுங்கின் ஓசையில் மயங்கியவர், அந்த ஓசையோடு மட்டும் நின்றுவிட மறுத்திருக்கிறார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு, கர்நாடக இசைக் கச்சேரிகள் நடத்தும் சென்னை சபாக்கள் இன்றுவரை நேரடியாகப் பதில் சொல்லவில்லை. மார்கழியில் எந்த சபாவுக்குள் நுழைந்தாலும் மேடையில் பெரும்பாலும் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான். கீழே உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பல்லவியை அடுத்து வரும் அனுபல்லவியில், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி ஒன்று விழும் இடத்தில் நூறு தலைகள் ஒன்றாக அசைகின்றன. அந்த வரிக்கு என்ன பொருள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். "ராமரைப் பற்றித்தான்" என்பார். தப்பில்லை. தியாகராஜர் பாட்டு என்றால் பத்துக்கு ஒன்பது ராமரைப் பற்றித்தான் இருக்கும்.

இது வெறும் பாவனை என்று சொல்கிறவர்கள் எப்போதும் உண்டு. பாவனை செய்பவர்கள் சபாக்களில் இல்லாமல் இல்லை. ஆனால் பாவனையை வைத்துக்கொண்டு ஒருவர் இரண்டரை மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியாது. ஒரு ஊர் நூறு ஆண்டு உட்கார முடியவே முடியாது. அங்கே உண்மையாகவே ஏதோ காதில் விழுகிறது, உள்ளே போகிறது. அது எது என்பதுதான் விஷயம்.

முதலில், தமிழ்நாட்டின் நடுவில் தெலுங்கு எப்படி வந்தது? 16ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் நாயக்கர் ஆட்சி ஏற்பட்டது. அரசவை மொழி தெலுங்கானது. புலவர்களும் பாடகர்களும் நாட்டியக்காரர்களும் அந்த மொழியில் புழங்கினார்கள். பதங்கள் எனப்படும் காதல் பாட்டுகளுக்குப் பேர்போன க்ஷேத்ரக்ஞர் விஜயராகவ நாயக்கரின் அவையில் கொண்டாடப்பட்டவர். 1673இல் நாயக்கர் ஆட்சி முடிந்து மராட்டியர் வந்தபோது மொழியும் மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. மராட்டிய மன்னர் ஷாஜியே தெலுங்கில் இசை நாடகங்கள் எழுதினார். காவேரிக் கரையில் பரம்பரை பரம்பரையாகத் தங்கிவிட்ட தெலுங்குக் குடும்பங்கள் நிறைய. அப்படி ஒரு குடும்பத்தில்தான் 1767இல் திருவாரூரில் தியாகராஜர் பிறந்தார். அவர் திருவையாற்றில் உட்கார்ந்து தெலுங்கில் பாடியது யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. அது அவருடைய வீட்டுப் பேச்சு. அவரைச் சுற்றியிருந்த சீடர்கள் பலருக்கும் அது புரிந்த மொழிதான்.

'புரியாத மொழி' என்ற நிலை பிறகு வந்தது. 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆதரித்த கை போனதும் இசைக்காரர்கள் மெல்ல மெல்லச் சென்னைக்கு நகர்ந்தார்கள். வக்கீல்களும் அரசு ஊழியர்களும் வியாபாரிகளும் டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு அதேதான், கேட்கிறவர்கள் வேறு. 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கிய காலத்தில், தெலுங்கு தெரியாமல் தெலுங்குப் பாட்டைக் கேட்பது சென்னைக்குப் பழகிப்போயிருந்தது.

ஆனால் 'தெரியாமல்' என்பதையும் கொஞ்சம் உரைத்துப் பார்க்க வேண்டும். கல்யாணி ராகத்தில் 'நிதி சால சுகமா' என்ற கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். 'நிதி சால சுகமா, ராமுனி சன்னிதி சேவ சுகமா' என்பது பல்லவி. நிதி, சுகம், ராமன், சன்னிதி, சேவை ஆகிய ஐந்தும் தமிழர் வாயில் தினமும் புழங்குபவை. மிச்சம் இருப்பது 'சால'. 'பால்நினைந்து ஊட்டும் தாயினும் சாலப் பரிந்து' என்று திருவாசகம் படித்தவருக்கு அதுவும் கைவசம். கேள்வி கேட்கும் 'ஆ' விகுதி இரண்டு மொழிக்கும் பொது. ஆக, தெலுங்கில் ஓர் எழுத்துக்கூடப் படிக்காத தமிழர் இந்தப் பல்லவியை முழுக்கப் புரிந்துகொண்டுதான் தலையாட்டுகிறார். நாம் நம்மைப் பற்றி நினைத்துக்கொள்வதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நமக்குத் தெலுங்கு தெரியும்.

வரி புரியாத இடத்தில் கதை வந்து உதவியது. அரசர் சரபோஜி பொருள் அனுப்பி அரண்மனைக்கு அழைத்தபோது தியாகராஜர் மறுத்துப் பாடியது 'நிதி சால சுகமா' என்பார்கள். கேரளத்திலிருந்து வந்த ஷட்கால கோவிந்த மாராரின் பாட்டைக் கேட்டு வியந்து பாடியது 'எந்தரோ மஹானுபாவுலு' என்பார்கள். இவற்றுக்கெல்லாம் சரித்திரச் சான்று தேடினால் சிரமம். ஆனால் பாட்டோடு சேர்த்துக் கதை சொல்லும் ஹரிகதைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இவற்றைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்பவர் மனத்தில் பதியவைத்துவிட்டார்கள். கச்சேரிக்கு வருகிறவர் பாட்டின் அகராதிப் பொருளோடு வருவதில்லை. அது பிறந்த சந்தர்ப்பத்தோடு வருகிறார். ராகம் அந்தச் சந்தர்ப்பத்துக்கு நிறம் கொடுத்துவிடுகிறது. பாமர ரசிகருக்கும் பாட்டுக்கும் நடுவே பாலம் போட்டவர்கள் ஹரிகதைக்காரர்கள். இசை வரலாறு எழுதுபவர்கள் அவர்களுக்கு ஒரு பத்தியோடு விடைகொடுத்துவிடுவது நியாயமில்லை.

அடுத்தது ஓசை. கரஹரப்பிரியாவில் 'சக்கனி ராஜ மார்கமுலுண்டக' என்று ஒரு பல்லவி. அதன் அனுபல்லவி 'சிக்கனி பாலு மீகட உண்டக' என்று தொடங்கும். சக்கனி, சிக்கனி. முதலெழுத்து சகரம், இரண்டாம் எழுத்து ககர ஒற்று. மோனையும் எதுகையும் பொருந்தி வந்தால் வரி நிமிர்ந்து நிற்கும் என்று தமிழ்க் காதுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தாலாட்டிலும் பழமொழியிலும் ஊறிய காது அது. தெலுங்கு யாப்பிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது முக்கிய விதி. அனுபல்லவி எடுத்தவுடன் 'அட, வந்து சேர்ந்துவிட்டது' என்ற நிறைவு ஒன்று ஏற்படுகிறது அல்லவா, அதில் ராகத்துக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்த எதுகைக்கும் உண்டு. தமிழ் யாப்பில் பழகிய காதுதான் தெலுங்குப் பாட்டில் அதை அடையாளம் கண்டுகொள்கிறது.

தெலுங்குச் சொற்களில் பெரும்பாலானவை உயிரோசையில் முடியும். சொல்லின் கடைசியில் நின்று குரலை நீட்ட, அதாவது கார்வை கொடுக்க, அது வசதி. இதை வைத்துக்கொண்டு 'தெலுங்குதான் பாட்டுக்கு ஏற்ற மொழி, தமிழில் வல்லெழுத்து இடறும்' என்று ஒரு வாதம் நெடுநாள் ஓடியது. பாதி சரி. ஆனால் ம், ன், ல், ள் என்று முடியும் சொற்களிலும் குரல் நின்று ரீங்கரிக்கலாம். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாகத் தேவாரம் பாடிவரும் மொழியைப் பாட்டுக்கு லாயக்கில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் ஓதுவார் ஒருவரையும் கேட்டதில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சொந்த மொழியிலேயே இந்தப் புரியாமை உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்று திருப்புகழ் பாடாத முருகன் கோயில் கிடையாது. அதன் இரண்டாம் அடிக்குப் பொருள் சொல்லச் சொன்னால் எத்தனை பேர் சொல்வார்கள்? 'தத்தத்தன தத்தத் தனதன' என்ற சந்தம் அருணகிரிநாதரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. நாம் பின்னால் ஓடுகிறோம். அதேபோல் எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் வெங்கடேச சுப்ரபாதம் ஒலிக்காத விடியல் பல வீடுகளில் இல்லை. முழுக்க சமஸ்கிருதம். கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சுலோகத்துக்குச் சுலோகம் பொருள் அறிந்தவர்கள் வெகு சிலர். அடுத்த வரி எது என்பது மட்டும் யாருக்கும் தவறாது.

மேலும், கச்சேரியில் பாதிக்கு மொழியே கிடையாது. ஆலாபனையில் 'ததரின', கற்பனாஸ்வரத்தில் ஸரிகம, தானத்தில் 'ஆனந்தம் தானம்', தில்லானாவில் 'தீம்'. சபா வருவதற்கு வெகு காலம் முன்பே, கோயில் வீதியில் நின்று நாகஸ்வரத்தில் இதே கீர்த்தனைகளைச் சொல் இல்லாமல் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்க விடிய விடிய நின்றவர்கள் எந்த மொழியை எதிர்பார்த்து நின்றார்கள்? பாட்டில் சொல் இருப்பதே கூடுதல் வரவு என்ற மனநிலை தமிழ் ரசிகருக்கு நாகஸ்வரம் கொடுத்த பயிற்சி என்பது என் கணிப்பு.

ராகம் மட்டும் தனியாக எவ்வளவு தூரம் பேசும் என்று ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். 1999இல் பால்க்வில், தாம்சன் என்ற இருவர், இந்துஸ்தானி இசை அறியாத மேற்கத்தியர்களுக்கு ராகத் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். எது மகிழ்ச்சி, எது சோகம், எது கோபம் என்று அவர்களால் பெரும்பாலும் சொல்ல முடிந்தது. சாந்தத்தை மட்டும் அவர்களால் பிடிக்க முடியவில்லை. 2018இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாமுவேல் மெர் குழு இன்னும் விரிவாகச் செய்தது. உலகின் 86 சிறு சமூகங்களின் பாட்டுகளிலிருந்து 14 விநாடித் துண்டுகளை எடுத்து, 60 நாடுகளைச் சேர்ந்த 750 பேருக்குப் போட்டு, இது எதற்கான பாட்டு என்று கேட்டார்கள். ஆட்டப் பாட்டையும் தாலாட்டையும் மக்கள் நன்றாகக் கண்டுகொண்டார்கள். காதல் பாட்டைத்தான் அடையாளம் காணத் திணறினார்கள். நம் திரையிசைக் கவிஞர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்; காதலுக்குச் சொல் தேவைப்படுகிறது.

ஆட்டப் பாட்டுக்குச் சொல் தேவையில்லை என்பதற்கு இலங்கையே சாட்சி. ஏ. ஈ. மனோகரன், நமக்கெல்லாம் 'சிலோன்' மனோகர், பாடிப் பரப்பிய 'சுராங்கனி'யைத் தமிழ்நாட்டுக் கல்லூரிச் சுற்றுலா பஸ்களில் பாடாத தலைமுறை உண்டா? சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்பதுதான் அந்தச் சிங்கள வரி. மீன் என்று தெரியாமலே பஸ் குலுங்கியது. தெரிந்த பிறகும் அதே குலுக்கல்தான்.

எனவே மொழி புரியாமல் பாட்டை ரசிக்க முடியுமா என்ற கேள்விக்கு 'முடியும்' என்ற பதில் சுலபம். எந்தப் பாட்டில் எவ்வளவு கைநழுவுகிறது என்று கேட்டால்தான் விஷயம் சூடுபிடிக்கும்.

மேலே சொன்ன 'சக்கனி ராஜ'வுக்குத் திரும்புவோம். 'அழகான ராஜபாட்டைகள் இருக்கும்போது சந்துகளில் ஏன் நுழைகிறாய், மனமே?' என்பது பல்லவி. தமிழ்க் காதுக்கு ராஜ மார்க்கம் கேட்கிறது, சந்து கேட்கிறது, மனசு கேட்கிறது. 'தூரநேல' கேட்பதில்லை, 'ஏன் நுழைகிறாய்' என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. பெயர்ச்சொற்கள் சமஸ்கிருதத்தின் வழியாகவும் உறவு மொழி என்ற வகையிலும் எல்லை தாண்டி வந்துவிடுகின்றன. வினைச்சொற்கள் வருவதில்லை. பாட்டின் குரல் கெஞ்சுகிறதா, இடித்துரைக்கிறதா, கிண்டல் செய்கிறதா என்பது வினையில்தான் இருக்கிறது. அனுபல்லவியில் தியாகராஜர் சொல்வது இது: ஏடு படிந்த கெட்டிப் பால் இருக்க, சீ, கள் எதற்கு? ஒரு கிராமத்துப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொள்ளும் தொனி. கரஹரப்பிரியா இழுக்க இழுக்கக் கண் கசிகிற ராகம் என்பதால், சபாவில் பலர் இந்தக் கள்ளுக்கு நடுவே கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏதோ பெரிய சோகத்தைக் கேட்கிறார்கள். தியாகராஜர் வைத்த நகைச்சுவை அவர்களுக்கு வந்து சேரவே இல்லை.

முத்துசுவாமி தீட்சிதரிடம் இழப்பு குறைவு. அவருடைய கிருதிகள் பெரும்பாலும் சமஸ்கிருதத்தில் தெய்வத்தின் பெயர்களையும் அடைமொழிகளையும் தொடுத்துக்கொண்டு போகிறவை. கோயிலில் அர்ச்சனை கேட்பதுபோல் கேட்டால் முக்கால்வாசி கிடைத்துவிடும். தியாகராஜர் பேசுகிறவர். கோபிப்பார், சண்டை போடுவார், தன்னையே நொந்துகொள்வார். பேச்சு புரியாவிட்டால் பாதி ஆள் காணாமல் போகிறார். க்ஷேத்ரக்ஞர் பதத்திலோ அநேகமாக எல்லாமே போய்விடும். ஒரு பெண் தன் காதலனை வார்த்தையால் குத்துகிறாள். குத்து புரியவில்லை என்றால் மெதுவான ஒரு ராகம்தான் மிஞ்சும். பதங்கள் நாட்டிய மேடையில் உயிரோடு இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' என்ற கன்னடப் பாட்டுக்கு ஆடியபோது, கன்னடம் தெரியாதவர்களுக்கு 'பாரோ' என்பது 'பார்' என்று கேட்டிருக்கலாம். 'வா' என்று அழைக்கும் கை அதைத் திருத்திவிட்டது.

இந்த இழப்பு நமக்கு மட்டும் வாய்த்தது அல்ல. 1963இல் கியூ சகமோட்டோ ஜப்பானிய மொழியில் பாடிய ஒரு பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. மேற்கில் அதற்கு வைத்த பெயர் 'சுகியாகி'. அது இறைச்சியும் காய்களும் சேர்த்துச் சமைக்கும் ஒரு ஜப்பானிய உணவு; பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வாயில் நுழைகிற ஜப்பானியப் பெயராக இருந்தால் போதும் என்று ஒட்டியது. கண்ணீர் சிந்திவிடாதபடி வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறேன் என்பது அதன் முதல் வரி. எழுதியவர் ரோகுசுகே ஏய். அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960இல் ஜப்பானில் நடந்த போராட்டம் தோற்றுப்போன சோர்வில் அதை எழுதினார். எந்த நாட்டுடன் ஒப்பந்தம் வேண்டாம் என்று போராடித் தோற்றார்களோ, அந்த நாடே அதை வாங்கி வாங்கிக் கேட்டது.

சென்னையில் இந்த இழப்பு அரசியலாக வெடித்தது. 1941 ஆகஸ்டில் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. ராஜா அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். ராஜாஜி, கல்கி, ரசிகமணி டி. கே. சி. போன்றவர்கள் ஆதரித்தார்கள். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குப் பெரிய இடம் வேண்டும் என்பது கோரிக்கை. அந்த ஆண்டு இறுதிக்குள் மியூசிக் அகாடமி பதில் தீர்மானம் போட்டது: கர்நாடக இசையின் உயர்ந்த தரத்தைக் காப்பதுதான் நோக்கமாக இருக்க வேண்டும், மொழியை முன்னிட்டு அதைத் தாழ்த்திவிடக் கூடாது என்று. 'இசைக்கு மொழி இல்லை' என்ற வாசகம் அப்போது நிறையப் பேர் வாயில் புழங்கியது.

அந்த வாசகம் கேட்க இனிமையானது. ஆனால் அதற்குள் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. இசைக்கு மொழி இல்லை என்பது உண்மையானால் தமிழில் பாடினாலும் குறை ஒன்றும் வந்துவிடக் கூடாது. மொழி இல்லாத இசை ஏன் எப்போதும் ஒரே மொழியில் நடக்கிறது என்று தமிழிசைக்காரர்கள் கேட்டதற்குச் சரியான விடை வரவில்லை. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோரின் தமிழ்ப் பாட்டுகள் தியாகராஜருக்கு முற்பட்டவை. அவை கச்சேரியின் கடைசி அரை மணியில், ஜனங்கள் செருப்பைத் தேடும் நேரத்தில், 'துக்கடா' என்ற பெயரில் பாடப்பட்டன. தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் மைய உருப்படியாக எடுத்து, ஒரே வரியை விரித்துப் பாடும் நிரவலும் ஸ்வரமும் பாடுவது அன்று வழக்கமில்லை. இன்னொரு பக்கம், பொருள் புரியாவிட்டால் பாவமே இல்லை என்று தமிழிசைத் தரப்பில் சிலர் அடித்துப் பேசியதும் ஏற்கத்தக்கதல்ல. அப்படிப் பேசியவர்களில் பலர் தியாகராஜரைக் கேட்டு உருகியவர்கள்தான். சண்டையின் வேர் புரிதலில் இல்லை. மேடையில் யாருக்கு எவ்வளவு நேரம், எந்த மொழிக்கு எந்த மரியாதை என்பதில் இருந்தது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. பாபநாசம் சிவன், கோபாலகிருஷ்ண பாரதி, ஊத்துக்காடு வேங்கட கவி என்று தமிழில் பாடியவர்களின் பாட்டுகள் இன்று கச்சேரியின் நடுப்பகுதிக்கும் வருவதில் அந்தப் போராட்டத்துக்குப் பங்கு உண்டு. தியாகராஜர் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மொழி எப்படி வருகிறது என்பதைப் பொறுத்தும் காது திறக்கும், மூடும். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தது, உயிர்கள் போயின. 1969இல் வெளிவந்த 'ஆராதனா' என்ற இந்திப் படம் தமிழில் மாற்றப்படாமல், இந்தியிலேயே, சென்னையில் நீண்ட நாள் ஓடியது. கல் எறிந்த மாணவர்களே கிஷோர் குமாரைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள் என்று கேலி செய்வது வழக்கம். இதில் கேலிக்கு எதுவும் இல்லை. பாடத்திட்டமாகவும் உத்தியோகத்துக்கு நிபந்தனையாகவும் வந்த மொழியை மறுத்தார்கள். இலங்கை வானொலி வழியாக, எஸ். டி. பர்மனின் மெட்டில் வந்ததை அவர்களே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அந்தப் படத்தின் ஒரு பாட்டில், மலை ரயிலின் ஜன்னலில் ஒரு பெண், பக்கத்துச் சாலையில் ஜீப்பில் பாடிக்கொண்டே வரும் ஒருவன். இதற்குக் கோனார் உரை வேண்டுமா? காதல் பாட்டுக்கு வேண்டியிருந்த சொல்லை அங்கே படம் சொல்லிவிட்டது. 1976இல் 'அன்னக்கிளி' வந்து இளையராஜாவின் காலம் தொடங்கிய பிறகு தெருவில் இந்திப் பாட்டின் சத்தம் குறைந்தது என்று அந்தக் காலத்தவர்கள் சொல்வதுண்டு. அது மொழிப் பற்றின் வெற்றி என்பதைவிட, இன்னும் நல்ல பாட்டு கிடைத்துவிட்டது என்பதே பொருத்தம்.

கர்நாடக இசையில் இன்று நிலைமை மாறிவருகிறது. பழைய மாணவர்களின் பாட்டு நோட்டைத் திறந்தால் தெலுங்குக் கீர்த்தனை தமிழ் எழுத்தில் இருக்கும். எழுத்துகளின் பக்கத்தில் பொடியாக 2, 3, 4 என்று எண்கள். தெலுங்கில் 'க' போன்ற எழுத்துக்கு நான்கு வேறு ஒலிகள் உண்டு, தமிழில் அவற்றுக்குத் தனி எழுத்து இல்லாததால் செய்த ஏற்பாடு அது. 'க' பக்கத்தில் 3 இருந்தால் கங்கையின் முதல் எழுத்துப்போல மெலிந்து ஒலிக்க வேண்டும். அச்சுப் புத்தகங்களும் இதே முறையில் வந்தன. உச்சரிப்புக்கு இத்தனை பாடுபட்ட நோட்டுகளில் பொருள் எழுதியிருப்பது அபூர்வம். சொல் பிரிப்பதும் தடுமாறும். மூச்சு வாங்கும் இடம் தவறினால் 'மார்கமுலு உண்டக' என்பது 'மார்க… முலுண்டக' ஆகிவிடும். சபாவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆந்திரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவர் முகத்தைச் சுளிப்பார். இப்போதைய இளம் பாடகர்கள் பலர் தெலுங்கு ஆசிரியரிடம் பொருள் கேட்டுக்கொண்ட பிறகே பாட்டை மேடையேற்றுகிறார்கள். நிரவலுக்கு எடுக்கும் வரி இதனால் மாறுகிறது. எதுகை அழகுக்காக எடுத்துவந்த வரியை விட்டு, கருத்து கனக்கும் வரியை எடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்தில் 1978 முதல் ஆண்டுதோறும் தியாகராஜ ஆராதனை என்ற இசை விழா நடக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தின கீர்த்தனைகளைக் கூட்டாகப் பாடுகிறார்கள், போட்டிகளில் கலந்துகொள்கிறார்கள். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் பேசும் தமிழோடு சரி, எழுத்து தெரியாது. அவர்கள் நோட்டில் தியாகராஜரும் ரோமன் எழுத்தில்தான், பாபநாசம் சிவனும் ரோமன் எழுத்தில்தான். 'க' பக்கத்தில் 3 போடும் தொல்லை இல்லை. ஆனால் சிவனின் தமிழ் வரிக்கும் கீழே ஆங்கிலத்தில் பொருள் எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஆசிரியரிடம் முதலில் கேட்பதும் அதைத்தான்: இதற்கு என்ன அர்த்தம்? நம் ஊர் நோட்டுகளில் காலியாகவே கிடந்த அந்த இடத்தை அவர்கள் இரண்டு மொழிக்கும் சேர்த்தே நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.